போர்டு கேம் ப்ராஜெக்ட்: கடலூர், புதுவை மாணவர்கள் கேட்டவை

குழு ப்ராஜெக்டாக போர்டு கேம் செய்யும் மாணவர்களின் கேள்விகளும், என் பதில்களும்.

அக்கா, எங்கள் தலைப்பு கடலூர் மீனவர் வாழ்க்கை. பரமபதம் மாதிரி வரைந்து, பாம்புக்குப் பதில் புயல், ஏணிக்குப் பதில் நல்ல மீன்பாடு வைத்தோம். "இதில் புதுசு என்ன?" என்கிறார் சார். (மஞ்சக்குப்பம் மாணவி)

சார் கேட்டது நியாயம்தான். பரமபதத்தில் ஆடுபவர் முடிவு செய்ய எதுவுமே இல்லை. விழுந்த எண்ணுக்குக் காய் நகரும், அவ்வளவுதான். கடலுக்குப் போகிறவருக்கோ தினமும் முடிவுதான்: இன்று போவதா, எவ்வளவு தூரம், எந்த வலை. அந்தத் தவிப்பு ஆட்டத்தில் இருக்க வேண்டும்.

இப்படிச் செய்து பாருங்கள். நடுவில் ஒரு கிண்ணம், அதுதான் கடல். உள்ளே 30 புளியங்கொட்டை. நான்கு பேரும் தங்களுக்கு எத்தனை வேண்டும் என்று ரகசியமாக எழுதி, ஒன்றாகக் காட்டட்டும். நால்வரும் கேட்டதன் மொத்தம் இருப்பைத் தாண்டினால் யாருக்கும் கிடையாது. எடுத்த பிறகு மிஞ்சியதில் பாதியளவு புதிதாகப் போடுங்கள், 30-ஐத் தாண்டாமல். தலைக்கு இரண்டு எடுத்தால் 22 மிஞ்சும், கடல் மறுபடி நிரம்பிவிடும். தலைக்கு ஐந்து எடுத்தால் அடுத்த சுற்றுக்கு 15தான். மறுபடி அதே ஆசை என்றால் எல்லோரும் வெறுங்கை. அங்கே சண்டை வரும், வரட்டும்.

அப்புறம் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்தச் சுற்றில் பிடிக்க முடியாது, வீட்டுச் செலவை மட்டும் கையிலிருந்து கொடுக்க வேண்டும். சேர்த்து வைக்காதவர் கடன் வாங்குவார். யாரிடம், என்ன வட்டிக்கு என்பதை நீங்களே யோசியுங்கள். ஆட்டத்தின் சுவையே அதில்தான்.

தாயக்கட்டையா, சாதாரண பகடையா? (அதே குழு)

தாயக்கட்டை. ஆனால் கணக்குப் போட்டுவிட்டு. ஒவ்வொரு கட்டையிலும் 0, 1, 2, 3 என நான்கு பக்கம். இரண்டு கட்டைக்கு 16 சேர்க்கை. 3 விழ நான்கு வழி, தாயம் (அதாவது 1) விழ இரண்டு, 12 (இரண்டு கட்டையிலும் 0) விழ ஒன்றே ஒன்று. புயலை 12-க்கு வையுங்கள். தாயத்துக்கு வைத்தால் சராசரியாக எட்டு உருட்டலுக்கு ஒரு புயல் வரும். 2011-ல் 'தானே' புயல் அடித்தது போதாதா கடலூருக்கு?

பழங்காலத் துறைமுகமான அரிக்கமேடு பற்றி நூறு வினா அட்டை தயார் செய்திருக்கிறோம், சரியா? (அரியாங்குப்பம்)

அது பரீட்சை. அங்கே மணிகள் செய்தார்கள். 1945-ல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் கிடைத்தன. மணியைக் கொடுத்து மதுச்சாடி வாங்கும் பேரமாக மாற்றுங்கள்.

போர்டை எப்போது பிரிண்ட் போடலாம்? (லாசுப்பேட்டை)

கடைசி வாரம். அதுவரை பழைய காலண்டர் அட்டையும் பென்சிலும் போதும். பளபளப்பாக அச்சடித்த பிறகு விதியை மாற்ற யாருக்கும் மனசு வராது.

எங்கள் விளையாட்டுக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) கிடைக்குமா?

கிடைக்காது. 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, விளையாடும் முறையைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. நீங்கள் வரைந்த படத்துக்கும் எழுதிய விதிப் புத்தகத்துக்கும் பதிப்புரிமை உண்டு.

ஐந்து பேரில் இரண்டு பேர்தான் வேலை செய்கிறோம். (வில்லியனூர்)

மற்ற மூவருக்கும் சோதனை ஆட்டத்தைக் கொடுங்கள். ஹாஸ்டலில் நான்கு பேரைப் பிடித்து, விதித்தாளை மட்டும் நீட்டிவிட்டு, வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். எங்கே விழிக்கிறார்கள், எங்கே போனை எடுக்கிறார்கள் என்று குறித்து வரட்டும். விதி எழுதியவர் அங்கே போகவே கூடாது, விளக்கம் சொல்லிக் கெடுத்துவிடுவார்.