ஒரே அட்டை, இரண்டு விலை

கேள்வி: மகன் நான்காம் தரத்தில் படிக்கிறான். எந்தக் கொப்பியைத் திறந்தாலும் பின்பக்கங்களில் சித்திரக்கதை கீறி வைத்திருக்கிறான். காமிக்ஸ் வரையப் பழகும் ஒரு சிறுவனைப் பற்றிய நகைச்சுவைச் சித்திர நாவல் ஒன்று ஆங்கிலத்தில் வேண்டும் என்கிறான். கொழும்பிலிருந்து தருவித்தால் 3,400 ரூபாய். இங்கே ஒரு கடையில் அதே அட்டையுடன் 1,100 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கூடவே ஒரு மார்க்கர் பெட்டியும் கேட்கிறான். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று மாமனார் முகத்தைச் சுளிக்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

பதில்: மாமனாரை முதலில் சமாதானப்படுத்திவிடுவோம். ஒரு பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து, எதைக் காட்டுவது, எதை விடுவது, யாரை முதலில் பேசவைப்பது என்று யோசிக்கிற பிள்ளை, கட்டுரை எழுதத்தான் பழகுகிறது. பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் அதுவரை இந்த ஆசை உயிரோடு இருக்குமா?

இனி அந்த 1,100 ரூபாய். விலை குறைவு என்பதற்காகவே அதைத் திருட்டுப் பிரதி என்று சொல்லிவிட முடியாது. வெளிநாட்டுப் பதிப்பகங்கள் சில, இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பதற்கென்று மலிவுப் பதிப்புகளை முறைப்படியே வெளியிடுகின்றன. பின்னட்டையில் அப்படிக் குறிப்பிட்டு, விலையையும் இந்திய ரூபாயில் அச்சிட்டிருப்பார்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் புத்தகத்தின் நடுப்பகுதியை நன்றாக விரித்துப் பாருங்கள். முதுகோரம் இருக்கிற பேச்சுக் குமிழ்களில் பாதி வாசகம் மடிப்புக்குள் போயிருக்கிறதா? வெளி ஓரத்தில் யாருடைய கையாவது வெட்டுப்பட்டிருக்கிறதா? கறுப்பாக இருக்க வேண்டிய இடம் சாம்பல் திட்டாக, எழுத்தின் விளிம்பு மயிர்விட்டதுபோல இருக்கிறதா? அப்படியானால் அது மூலப் பிரதியை ஸ்கேன் செய்து அடித்தது. சாதாரண நாவலாக இருந்தால் எப்படியோ வாசித்து முடித்துவிடலாம். இது கோட்டைப் பார்த்துக் கோடு போடப் பழகுகிற புத்தகம். நிழலுக்காக நெருக்கமாகப் போட்ட மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே மையாகிவிட்டால், பையன் அதிலிருந்து எதைக் கற்பான்? அப்படி அச்சிட்டு விற்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி குற்றமும்கூட.

அதற்காக 3,400 ரூபாயையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டாம். உள்பக்கங்கள் இரண்டு மூன்றைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மகனிடம் காட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள். நீங்கள் விளக்காமலே சிரித்தானென்றால் வாங்கலாம். நகைச்சுவை முகபாவத்திலும் விழுந்து எழும்புவதிலும் இருந்தால் ஆங்கிலம் தடையாக இருக்காது. சொல் விளையாட்டிலேயே இருந்தால் நீங்கள்தான் பக்கத்தில் இருந்து உரை சொல்ல வேண்டிவரும். இன்னொன்று: ஆங்கிலக் காமிக்ஸ் பலவற்றில் வசனம் முழுவதும் பெரிய எழுத்துகளில் இருக்கும். பாடப்புத்தகத்தின் சின்ன எழுத்துக்குப் பழகிய பிள்ளைக்கு முதல் சில பக்கங்கள் சற்று இழுக்கும். அவ்வளவுதான்.

பின்னட்டையில் பவுணிலோ டொலரிலோ விலை இருந்தால் அன்றைய நாணய மாற்று விகிதத்தில் கணக்குப் பாருங்கள். அதற்கு மேல் கேட்பது அனுப்பும் செலவா, கடைக்காரரின் ஆசையா என்பது அப்போது தெரிந்துவிடும்.

எங்கே வாங்கினாலும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் வியாபாரி அதைக் கொடுத்தே ஆக வேண்டும். குறைபாடு இருந்து கடைக்காரர் கையை விரித்தால், வாங்கி மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். தொலைபேசியில் விசாரிக்க 1977.

மார்க்கர் பெட்டி இப்போதைக்கு வேண்டாம். அந்த மை கொப்பித்தாளில் ஊறி மறுபக்கத்தையும் கெடுத்துவிடும்; மூடியைத் திறந்தபடி விட்டால் காய்ந்தும்போகும். எச்பி பென்சில், ஒரு கறுப்புப் பேனை, கொஞ்சம் ஏ4 தாள் போதும். பேனை ஜெல் வகையாக இருக்க வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்த கை பட்டதும் இழுபட்டுவிடும். ஒரு தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரு வெட்டு மட்டும் போட்டுத் திருப்பி மடித்தால், தைக்காமல் ஒட்டாமல் எட்டுப் பக்கச் சிறு புத்தகம் கிடைக்கும். புத்தகம் கொழும்பிலிருந்து வந்து சேருவதற்குள் அவன் தன்னுடைய முதல் இதழை வெளியிட்டுவிடலாம். மாமனாருக்கே ஒரு பிரதியை விற்கச் சொல்லுங்கள், பற்றுச்சீட்டோடு.