‘சரிங்க’ என்று சொல்வதற்கு முன்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, பெருந்துறைப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் துறை உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். இந்த வருடம் வேலைவாய்ப்புப் பிரிவையும் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டில் அறுபது பேர், முக்கால்வாசி பெண் பிள்ளைகள். பலரும் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். பரீட்சையில் நல்ல மார்க் எடுக்கிறார்கள். ஆனால் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகிறவர்கள் எல்லாம், “பிள்ளைங்க வாயே திறக்க மாட்டேங்கறாங்க” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். போன மாதம் நாங்களே நடத்திய மாதிரி நேர்காணலில், நன்றாகப் படிக்கும் ஒரு பெண், “உன்னைப் பத்திச் சொல்லும்மா” என்றதற்கே அழுதுவிட்டாள். வெளியிலிருந்து ஆள் வரவழைத்து ஐந்து நாள் ஆளுமைப் பயிற்சி கொடுக்கலாம் என்கிறார் முதல்வர். முன்னோட்டமாக ஒரு மணி நேரம் பேச வந்த அந்தப் பயிற்சியாளர், “முதல்ல இந்த ‘ங்க’ போட்டுப் பேசறதை விடுங்க” என்றார். பிள்ளைகள் முகம் சுருங்கிப்போனது. எனக்கும் மனசு கேட்கவில்லை. நான் என்ன செய்யட்டும்?
— ஓர் ஆசிரியை, பெருந்துறை

பதில்: அன்புத் தங்கைக்கு,

அந்த ‘ங்க’விலிருந்தே ஆரம்பிக்கிறேன். படித்ததும் எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது.

திருப்பூரில் இருபத்தாறு வருடம் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தவள் நான். நம் உடைகளை வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் இங்கே நிட்டிங், டையிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங் என்று வரிசையாக நிற்கும் ஆட்களுக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருக்கிற வேலை. ராத்திரி பத்து மணிக்கு டையிங் சூப்பர்வைசருக்கு போன் போட்டு, “அண்ணா, அந்த நேவி லாட் காத்தால வந்தாத்தானுங்க கட்டிங் போட முடியும், கொஞ்சம் பாருங்க” என்று கேட்டால், நாள் பூரா நின்று களைத்த மனிதர்கூட நின்று பதில் சொல்லுவார். அதையே அதட்டிக் கேட்டவர்களின் லாட் கடைசியில் வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆளை மதித்து வேலை வாங்கத் தெரிவது பெரிய தொழில்திறமை. நம் பிள்ளைகள் அதை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார்கள். அதைப் பிடுங்கிப்போட ஐந்து நாளும் பணமும் செலவழிக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த மரியாதையோடு ஒட்டிக்கொண்டே வருகிற ஒன்று இருக்கிறது. அதுதான் எனக்குப் பயம். புரியாமலே ‘சரிங்க’ சொல்வது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று. நெஞ்சில் வரும் பிரிண்ட்டை ‘எச்.பி.எஸ்.’ஸிலிருந்து இத்தனை இன்ச் இறக்கி வைக்க வேண்டும் என்றார் என் மேலே இருந்தவர். கழுத்தும் தோளும் சேர்கிற உச்சிப் புள்ளிக்குத்தான் அந்தப் பெயர். எனக்குத் தெரியாது. கழுத்துப் பட்டையின் நடுப்பகுதி என்று நினைத்துக்கொண்டு “சரிங்க” என்றேன். பிரிண்டிங்கில் போய் அப்படியே சொன்னேன். தைப்பதற்கு முன்னாலேயே, வெட்டின துண்டில்தான் பிரிண்ட் அடிப்பார்கள். அத்தனை முன்துண்டிலும் படம் நெஞ்சை விட்டு வயிற்றுக்கு இறங்கிவிட்டது. திரும்ப வெட்டத் துணி போதவில்லை. புதிதாக ஓட்டிச் சாயம் போட்டால் ஷேடு சேரவில்லை. கப்பலில் போக வேண்டிய சரக்கு, கம்பெனி செலவில் விமானத்தில் போனது. அவர் என்னைத் திட்டவில்லை. “புரியலைன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிருக்கும், அம்மிணி” என்று மட்டும் சொன்னார். அந்த இரண்டு நிமிடத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

உங்கள் பிள்ளைகள் இன்டர்வியூவில் வாய் திறக்காததும், நான் அன்று கேட்காமல் விட்டதும் ஒரே வேரிலிருந்து வருகிறது. பதினைந்து வருடம், கேள்வி கேட்டால் எதிர்த்துப் பேசுகிறாள் என்று பெயர் வாங்கிய வகுப்பறைகளில் உட்கார்ந்து வந்தவர்கள் அவர்கள். அதை உங்கள் வகுப்பிலேயே மாற்றலாம். அடுத்த அசைன்மென்ட்டை வேண்டுமென்றே அரைகுறையாகக் கொடுங்கள். எத்தனை பக்கம், யார் படிப்பதற்கு, எந்த வருடத்துக் கணக்கு, எதையும் சொல்லாதீர்கள். வந்து கேட்கிறவர்களுக்குக் கேட்டதற்காகவே மார்க் உண்டு என்று பிறகு அறிவியுங்கள். எந்த வேலை சொன்னாலும், “நீங்க சொன்னது இதுதானுங்களா?” என்று தங்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுந்து போக வேண்டும் என்று பழக்குங்கள். உங்களுக்குத் தெரியாததை அவர்கள் கேட்டால், “தெரியலை, பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்” என்று தயங்காமல் சொல்லுங்கள். ஒரு பெரியவர் அப்படிச் சொல்லி அவர்கள் இதுவரை கேட்டே இருக்க மாட்டார்கள்.

அழுத பெண்ணைப் பற்றி நிறைய யோசித்தேன். “உன்னைப் பத்திச் சொல்லு” என்கிற கேள்விக்கு நம் வீடுகளில் பதிலே கிடையாது. யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர் என்பதோடு முடிந்துபோகும். அதற்கு மேல் என்ன சொல்வது என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் காட்டவில்லை.

ஒருமுறை நான் இன்டர்வியூ எடுத்தபோது, கோபிப் பக்கத்திலிருந்து ஒரு பி.காம். பெண் வந்திருந்தாள். பயோடேட்டாவில் பொழுதுபோக்கு, பாட்டுக் கேட்பது என்று போட்டிருந்தாள். வேலை அனுபவம் ஒன்றும் இல்லை. சும்மா, “காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பே கண்ணு?” என்று கேட்டேன். “அஞ்சு மணிக்குங்க, சொசைட்டிக்குப் போகோணும்” என்றாள். ஊர்ப் பால் சொசைட்டியில் அவள் அம்மா வேலை பார்த்தாராம். அம்மாவுக்கு முட்டிவலி வந்த பிறகு இரண்டு வருடமாக இவள்தான் பால் ஊற்ற வருகிறவர்களின் பாலில் கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) அளவு பார்த்து நோட்டில் ஏற்றி, பணம் போடும் நாளில் கணக்குச் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறாள். அளவு குறைந்தால் விலை குறையும், விலை குறைந்தால் சண்டைக்கு வருவார்கள். கட்டுத்தரையிலிருந்து நேராக வந்து நிற்கிற பெரியவர்களுக்கு, அவர்கள் மனம் நோகாமல், எண்ணைக் காட்டி விளக்கியிருக்கிறாள். தரக்கட்டுப்பாடு, கணக்கு, ஆட்களைச் சமாளிப்பது எல்லாம் அவளிடம் இருந்தது. ஒரு வரிகூட அந்தத் தாளில் இல்லை. ஏன் எழுதவில்லை என்றதற்கு, “அது வீட்டு வேலைதானுங்களே” என்றாள். அன்றே எடுத்துக்கொண்டோம்.

உங்கள் அறுபது பேரிடமும் இப்படி ஏதாவது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுகிற பையன், அப்பாவின் விசைத்தறிக்குப் பாவு நூல் கணக்கு வைக்கிற பெண், தீபாவளிக்கு ஜவுளிக்கடை கவுன்டரில் நின்றவர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு அரை மணி நேரம் கேளுங்கள். அவர்கள் சொன்னதை நீங்களே எழுதிக் கையில் கொடுங்கள். இந்த முப்பது மணி நேரத்தை எந்தப் பயிற்சியாளரும் உங்களுக்காகச் செலவழிக்க மாட்டார்.

இனி நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. செய்கிற வேலைக்காக ஒருத்தர் காத்துக்கொண்டு இருக்க வேண்டும். கல்லூரியில் செய்கிற ப்ராஜெக்டுக்காக யாரும் காத்திருப்பதில்லை, பைண்டிங் போட்டு அலமாரியில் ஏறிவிடும். தாமதமானால், தப்பானால், இன்னொரு மனிதருக்கு நஷ்டம் என்கிற நிலையில்தான் நேரம் தவறாமை, கேட்டுத் தெரிந்துகொள்வது, தப்பை முன்கூட்டியே ஒத்துக்கொள்வது எல்லாம் ஒருவருக்கு வருகிறது.

நீங்கள் வணிகவியல் துறை என்பதால் உங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே ஒரு வழி இருக்கிறது. மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்கிற விற்பனையாளர்கள் 11-ஆம் தேதிக்குள் விற்பனைக் கணக்கை ஏற்ற வேண்டும். 14-ஆம் தேதி, வாங்கினவருக்கு ஜி.எஸ்.டி.ஆர். 2பி என்கிற பட்டியல் தானாக வந்து நிற்கும். 20-ஆம் தேதிக்குள் அவர் 3பி என்கிற மாதக் கணக்கைத் தாக்கல் செய்து வரி கட்டியாக வேண்டும். நடுவில் இருப்பது ஆறே நாள். அந்த ஆறு நாளில், தன்னிடம் இருக்கிற கொள்முதல் பில்லையும் 2பி பட்டியலையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். பட்டியலில் இல்லாத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது, கைக்காசு போகும். ஈரோட்டில் ஆடிட்டர் ஆபீஸ்களில் அந்த வாரம் போய்ப் பாருங்கள், நிற்க நேரம் இருக்காது.

பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக அந்த வாரத்துக்கு அனுப்புங்கள். எக்செல்லில் வி-லுக்கப் போட்டு ஒப்பிடுவதை நீங்கள் இரண்டு வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் பில் நம்பரில் ஒருவர் கோடு போட்டு, இன்னொருவர் போடாமல் விட்டால் ஒரே பில் இரண்டாகத் தெரியும் என்பதை அங்கே போய்த்தான் கற்றுக்கொள்வார்கள். அந்த சப்ளையருக்கு போன் செய்து, “உங்க பில் எங்களுக்கு 2பி-ல வரலைங்க, எப்பங்க ஏத்துவீங்க?” என்று கேட்க வேண்டி வரும். முதல் போனுக்குக் கை நடுங்கும். பத்தாவது போனுக்கு நடுங்காது. ஒன்று மட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்: அடுத்தவர் கணக்கை வெளியில் பேசக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கும், பஸ் செலவும் சாப்பாடும் கொடுக்க வேண்டும் என்பதை ஆடிட்டருக்கும்.

கணக்கில் விருப்பமில்லாதவர்களும் இருப்பார்கள். சென்னிமலை பக்கத்தில்தானே இருக்கிறது. அங்கே போர்வை நெய்கிற கூட்டுறவுச் சங்கங்களில் இருப்புக் கணக்கு, வெளியூர் ஆர்டருக்குப் பதில் எழுதுவது என்று கேட்டால் வேலை இருக்கும். மஞ்சள் மண்டியிலும் இருக்கும்.

இது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. கோயம்புத்தூர் பீளமேட்டில் 1926-இலேயே பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வந்துவிட்டது. 1951-இல் பொறியியல் கல்லூரி தொடங்கியபோது அந்த வளாகத்திலேயே தொடங்கினார்கள். படிப்பும் தொழிற்சாலை வேலையுமாக மாறி மாறி ஐந்து வருடம் போகிற ‘சாண்ட்விச்’ படிப்பு அங்கே இருக்கிறது. இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு இப்படி ஓர் ஏற்பாடு இருக்கும்போது, பி.காம். பிள்ளைகளுக்கும் பி.ஏ. பிள்ளைகளுக்கும் வேண்டாம் என்று நாமாக ஏன் விட்டுவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஆங்கிலத்துக்கு ரொம்பவும் கவலைப்படாதீர்கள். நான் பார்த்த வேலையில் தினமும் எழுதின மெயில்கள் ஐந்து வரிக்கு மேல் போனதில்லை. எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன், உங்களிடம் எனக்கு என்ன வேண்டும், எப்போதுக்குள். இந்த வரிசையில் தினம் ஒரு மெயில் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் இலக்கணத்தைத் திருத்துவதற்கு முன்னால், அந்த மெயிலுக்குப் பதில் அனுப்புங்கள். பதில் வருகிறது என்று தெரிந்தால்தான் எழுதுவார்கள்.

பெற்றோரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் உங்களுக்குத் தெரியும். பெண்ணை அனுப்ப வேண்டுமென்றால் அப்பா கேட்கிற முதல் கேள்வி, “எத்தனை மணிக்குங்க ஊடு வந்து சேருவா?” என்பதுதான். அதைப் பத்தாம்பசலித்தனம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், நியாயமான கேள்வி. ஆபீஸ் எங்கே, கூட யார் இருப்பார்கள், எந்த பஸ், கடைசி பஸ் எத்தனை மணி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் அம்மாக்களை ஒருநாள் அந்த ஆபீஸுக்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள். டிகிரி முடிந்த கையோடு மாப்பிள்ளை பார்க்கிற வீடுகளில், மகள் உட்கார்ந்து வேலை பார்க்கிற நாற்காலியைக் கண்ணால் பார்த்த அம்மா, “ஒரு வருசம் போகட்டுமே” என்று சொல்லுவார். எங்கள் கம்பெனியில் இப்படி நின்ற பெண்கள் நிறையப் பேர்.

அரசாங்க வழிகளையும் விட்டுவிடாதீர்கள். 2022-இல் வந்த ‘நான் முதல்வன்’ என்கிற தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் உங்கள் பிள்ளைகள் என்ன படிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கூட உட்கார்ந்து பாருங்கள், எண்ணிக்கைக்காக எதையாவது எடுக்க விடாதீர்கள். 1961-ஆம் வருடத்துத் தொழிற்பழகுநர் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டு, கலை அறிவியல் பட்டதாரிகளும் உதவித்தொகையோடு பயிற்சிக்குச் சேர வழி வந்திருக்கிறது. 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். பெருந்துறை சிப்காட்டில் அப்படிப்பட்ட நிறுவனங்கள் எத்தனையோ. ஹெச்.ஆர். பிரிவில் போய் நேரில் கேளுங்கள்.

முதல்வரிடம், பயிற்சியாளருக்கு ஒதுக்கிய பணத்தைப் பிள்ளைகளின் பஸ் செலவுக்கும் போன் ரீசார்ஜுக்கும் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கூடவே, அடுத்த 14-ஆம் தேதிக்கு முன்னால் ஓர் ஆடிட்டரையாவது நேரில் பார்த்துவிடுங்கள். முதல் ஜோடியில் அந்த அழுத பெண்ணை அனுப்புங்கள். அவளுக்குத் துணையாக, கேட்கத் தயங்காத ஒருத்தியையும் அனுப்புங்கள். 20-ஆம் தேதி ராத்திரி, வேலை முடிந்து பஸ் ஏறியதும் உங்களுக்கு போன் செய்யச் சொல்லுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.