புதிய ஆல்டர்னேட்டர் பொருத்திய பின்னும் சார்ஜ் குறைவு

வணக்கம். ஆல்டர்னேட்டரை (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) மாற்றிய பிறகும், எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.1 வோல்ட்டும், ஹெட்லைட்டும் ஏசியும் போட்டால் 12.4 வோல்ட்டுமே காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். பெல்ட் தளர்ந்திருக்கவில்லை என்றால், என் சந்தேகம் ஒயரின் மீதுதான். இன்னொரு ஆல்டர்னேட்டருக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

எஞ்சினை நிமிடத்துக்குச் சுமார் 1,500 சுற்றில் ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் ஏசி புளோவரையும் போட்டுவிட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, அதன் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் வந்து சேரும் போல்ட்டிலும், கறுப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள் (பெல்ட்டிடம் கை, சட்டை, மீட்டர் ஒயர் எதுவும் நெருங்க வேண்டாம்). 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்த ஒயரிலோ, இடையிலுள்ள பெரிய ஃபியூஸிலோ, அதன் நட்டிலோ மின்தடை இருக்கிறது. பிறகு ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்து பாருங்கள், 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எஞ்சினின் எர்த் ஒயர் (எஞ்சினைப் பேட்டரி நெகட்டிவுடன் இணைப்பது) துருப்பிடித்திருக்கக்கூடும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் யாரும் கவனிக்காத இடம் அதுதான்.

இரண்டும் சரியாக இருந்து, ஆல்டர்னேட்டர் போல்ட்டிலேயே வோல்ட் குறைந்தால் மட்டும், வாங்கிய கடையில் வாரண்டி கேளுங்கள்.