83 படங்கள்

அன்புள்ள சார்,

சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் டிசைனராக வேலை பார்க்கிறேன். காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி லேபிள், முகூர்த்த மாதங்களில் கல்யாண ஆல்பம். நாளெல்லாம் படங்களோடுதான் பிழைப்பு. ஆனாலும் நல்ல ஒளிப்படப் புத்தகம் ஒன்றைக்கூட நான் கையில் வைத்துப் பார்த்ததில்லை. டிசம்பர் வந்தால் வெளிநாட்டுப் பத்திரிகைகள் ஆண்டின் சிறந்த ஒளிப்பட, ஓவிய, வடிவமைப்பு நூல்கள் என்று பட்டியல் போடுகின்றன. ஆசையாக இருக்கிறது. விலையைப் பார்த்ததும் மூடிவிடுகிறேன். இவ்வளவு கொடுத்து வாங்கி ஏமாந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். புதிதாக வந்தவற்றில் எதை வாங்கலாம்? வாங்கத்தான் வேண்டுமா? படங்கள் எல்லாம் இணையத்திலேயே கிடைக்கின்றனவே? ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நன்றாக வரைவாள். அவளுக்கும் ஒரு புத்தகம் சொல்லுங்கள்.

ஆர்., சிவகாசி

*

அன்புள்ள ஆர்.,

அந்தப் பட்டியல்களை நானும் பார்ப்பதுண்டு. அவற்றில் பெரும்பகுதி கண்காட்சி நூல்கள். லண்டனிலோ நியூயார்க்கிலோ ஒரு கண்காட்சி நடக்கும். சுவரில் மாட்டிய படங்களை அதே வரிசையில், நாலு கட்டுரைகளோடு தடிமனான புத்தகமாகப் போடுவார்கள். கண்காட்சியைப் பார்த்தவர்களுக்கு அது நல்ல நினைவு. ஆய்வு செய்கிறவர்களுக்கும் பயன்படும். உங்களுக்கு அது வேண்டாம். நீங்கள் பக்கம் கட்டுகிற ஆள். எந்தப் படத்துக்குப் பின் எந்தப் படம், எந்த அளவில், எந்தத் தாளில் என்று கலைஞரே யோசித்து, புத்தகமாகவே பிறந்த புத்தகங்களைத்தான் நீங்கள் வாங்க வேண்டும். பணம் கொடுத்தால் அந்த வரிசைக்காகக் கொடுங்கள்.

முதலில் வாங்க வேண்டியது ராபர்ட் ஃபிராங்கின் 'தி அமெரிக்கன்ஸ்'. புதுப் புத்தகம் கேட்டால் 1958ஆம் ஆண்டுப் புத்தகத்தைச் சொல்கிறாரே என்று நினைக்காதீர்கள். ஃபிராங்கின் நூற்றாண்டை ஒட்டி 2024இல் அப்பர்ச்சர் பதிப்பகம் இதை மறுபடி அச்சிட்டது. இத்தனை காலம் பழைய பதிப்புகளைத் தேடி அலைந்தவர்களுக்கு இப்போது கடையில் புதிதாகவே கிடைக்கிறது.

ஃபிராங்க் சுவிட்சர்லாந்துக்காரர். 1955இல் அமெரிக்காவின் கக்கன்ஹைம் அறக்கட்டளையின் நிதி நல்கை கிடைத்ததும் பழைய கார் ஒன்றில் அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். எடுத்தது 767 ஃபிலிம் ரோல். 27,000க்கும் மேற்பட்ட படங்கள். அதிலிருந்து ஆயிரம் போலப் பிரிண்ட் போட்டு, சுவரில் குத்தி, தரையில் பரப்பி, கழித்துக் கழித்துக் கடைசியில் வைத்துக்கொண்டது 83. நம் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும், இந்த மனிதர் என்ன செய்தார் என்று புரிய.

இனி ஒரு இடத்தை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். புத்தகத்தின் நடுவில் கலிபோர்னியா லாங் பீச்சில் எடுத்த ஒரு படம் வருகிறது. இரண்டு பனை மரங்களுக்கு இடையில், பளபளக்கும் துணி போர்த்தி நிறுத்திவைத்த கார். வெயில். பணக்கார அமைதி. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் அரிசோனா நெடுஞ்சாலை ஓரம். அங்கேயும் ஒரு போர்வை. அதன் அடியில் கார் விபத்தில் செத்துப்போனவர்கள். பனி விழுகிறது. நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இன்னொரு பக்கம் திருப்பினால் நியூ மெக்சிகோவின் ஆளற்ற சாலை, நேராக அடிவானம் வரை போகிறது. மூன்று படங்களுக்கும் நடுவில் ஒரு வரி விளக்கம் கிடையாது. போர்த்திய கார், போர்த்திய உடல், சாலை. அமெரிக்காவுக்கும் காருக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு நீளமான கட்டுரை சொல்ல வேண்டியதை இரண்டு முறை பக்கம் திருப்புவதிலேயே சொல்லிவிடுகிறார்.

உங்கள் இணையக் கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. இந்த மூன்று படங்களும் இணையத்தில் கிடைக்கும். தனியாகப் பார்த்தால் முதல் படம் அழகான காட்சி, இரண்டாவது செய்திப் படம், மூன்றாவது காலண்டருக்கு ஆகிற சாலை. பக்கம் திரும்புகிற அந்த ஒரு கணத்தில்தான் அவை ஒன்றோடு ஒன்று பேசுகின்றன. அதைத் திரையில் விரலால் தள்ளிப் பார்க்க முடியாது.

பக்க அமைப்பையும் கவனியுங்கள். படம் எப்போதும் வலது பக்கத்தில்தான். இடது பக்கம் வெள்ளை. அதில் சிறு தலைப்பும் ஊரின் பெயரும் மட்டும் சின்ன எழுத்தில். 1958இல் பாரிஸில் ராபர்ட் டெல்பீர் போட்ட முதல் பதிப்பில் அந்த இடது பக்கங்களில் அமெரிக்காவைப் பற்றிப் பல எழுத்தாளர்கள் எழுதிய பகுதிகளை அச்சிட்டிருந்தார்கள். மறு ஆண்டு அமெரிக்காவில் குரோவ் பதிப்பகம் போட்டபோது அதை எல்லாம் எடுத்துவிட்டு, முன்னால் எழுத்தாளர் ஜாக் கெரோவாக்கின் முன்னுரையை மட்டும் வைத்தார்கள். அதே 83 படங்கள்தான். முதல் பதிப்பில் அவை சமூகவியல் நூலின் படங்களாகத் தெரிந்தன. இரண்டாவதில் ஒரு மனிதனின் பார்வையாகிவிட்டன. ஒரு ஸ்ப்ரெட்டில், அதாவது எதிரெதிர் இரண்டு பக்கத்தில், 15 படம் நுழைக்கச் சொல்லும் ஆல்பம் பார்ட்டிகளிடம் இந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள். வெறும் பக்கத்துக்கு என்ன வேலை என்று அவர்களுக்கே தெரியும்.

இந்தப் புத்தகம் வந்தபோது அமெரிக்க ஒளிப்படப் பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. அடிவானம் கோணல், ஃபிலிமின் புள்ளிகள் மணல்மணலாகத் தெரிகின்றன, மங்கல் என்றார்கள். அட்டைப் படமான நியூ ஆர்லியன்ஸ் டிராம் வண்டியைப் பாருங்கள்: முன் ஜன்னல்களில் வெள்ளையர்கள், பின் ஜன்னல்களில் கறுப்பர்கள். 1955 நவம்பரில் எடுத்தது. அடுத்த மாதம்தான் மாண்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்துக் கைதானார். கோணல் எது என்பதைப் படமே சொல்லிவிட்டது.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். வரிசையைப் பற்றி இந்தியாவில் இன்று மிகத் துணிச்சலாக யோசிக்கிறவர் என்று நான் நினைப்பது சோராப் ஹூராவை. அவருடைய 'தி கோஸ்ட்' 2019இல் வந்தது. அந்த ஆண்டு பாரிஸ் ஃபோட்டோ – அப்பர்ச்சர் விருதுகளில் ஆண்டின் சிறந்த ஒளிப்படப் புத்தகம் என்று தேர்வானது. எந்தப் பெரிய பதிப்பகமும் போட்டதில்லை. 'அக்லி டாக்' என்ற தன் சொந்தப் பதிப்பகத்தில் அவரே போட்டது. தலையைத் திருட்டுக் கொடுத்துவிட்ட ஒரு பெண்ணைப் பற்றிய சின்னக் கதை உண்டு. அதே கதையை 12 தடவை சொல்கிறார், ஒவ்வொரு தடவையும் சில சொற்களை மட்டும் மாற்றி. படங்களும் அப்படித்தான். ஒரு தடவை பார்த்த படம் மறுபடி வரும், ஆனால் பக்கத்தில் வேறு படம் இருக்கும். முதலில் சிரிப்பாகத் தெரிந்த முகம் இப்போது பயமாகத் தெரியும். ஃபிளாஷ் அடித்து எடுத்த, கண்ணைக் கூசும் நிறங்கள். சாதி, மதம், பெண் மீதான வன்முறை எல்லாம் அந்தக் கடலோர இரவுகளில் கொதிக்கின்றன. வாட்ஸ்ஆப்பில் ஒரே படம் பத்து விதப் பொய்களோடு சுற்றுகிற காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான புத்தகம் எனக்குத் தெரியாது. அதே பெயரில் அவர் எடுத்த குறும்படத்தில் தமிழகக் கடலோரத் திருவிழா ஒன்றில் மக்கள் இரவில் அலைக்குள் இறங்குகிறார்கள். தென் மாவட்டக்காரரான உங்களுக்கு அந்தக் கூட்டம் அந்நியமாக இருக்காது. புத்தகம் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் மகளோடு உட்கார்ந்து பார்க்கிற புத்தகம் அல்ல.

தயானிதா சிங்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜெர்மனியின் கேட்டிங்கன் நகரில் ஷ்டைடல் அச்சகத்தோடு சேர்ந்து பல ஆண்டுகளாகப் புத்தகம் செய்கிறவர். 2008இல் வந்த 'சென்ட் எ லெட்டர்' ஒரு சின்னத் துணிப் பெட்டி. உள்ளே உள்ளங்கை அளவில் ஏழு மடிப்புப் புத்தகங்கள். பிரித்து நிறுத்தினால் மேஜையில் ஒரு குட்டிக் கண்காட்சி. ஏழில் ஒன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்து பத்மநாபபுரம். இன்னொன்றில் அவருடைய அம்மா எடுத்த படங்கள். இதைக் கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு நகைக்கடையின் கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்தார். 2017இல் வந்த 'மியூசியம் பவன்' அதன் பெரிய வடிவம்: ஒன்பது மடிப்புப் புத்தகங்கள், கூடவே உரையாடல்கள் அடங்கிய ஒரு சிறு நூல். பெட்டியின் மேல் துணி ஒவ்வொரு பிரதிக்கும் வேறு. அச்சகங்களைப் பற்றியே ஒரு மடிப்பு இருக்கிறது. அச்சு இயந்திரங்களுக்கு நடுவில் வாழ்கிற நீங்கள் அதை என்னைவிட நன்றாகப் படிப்பீர்கள். மடிப்பு, ஒட்டு, பெட்டி என்று அதில் இருக்கிற எல்லா வேலையும் சிவகாசிக்குத் தெரிந்த வேலைதான். அங்கே ஏன் இப்படி ஒரு புத்தகம் பிறக்கவில்லை என்று எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. இயந்திரம் இருக்கிறது, கை இருக்கிறது. கேட்கிற ஆள்தான் இல்லை.

வசந்த யோகானந்தன் என்ற பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரான்சில் பிறந்தவர், தந்தை இலங்கையிலிருந்து வந்தவர். ராமாயணம் நடந்ததாகச் சொல்லப்படும் வழி முழுக்கத் தெற்கே இலங்கை வரை போய், 2016 முதல் 2021 வரை ஏழு புத்தகங்களாகப் போட்டார். சில படங்களைக் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் போட்டு, கையால் வண்ணம் பூசும் ஒரு கலைஞரிடம் கொடுத்திருக்கிறார். நம் வீடுகளில் தாத்தா பாட்டி படத்துக்கு ஸ்டுடியோக்காரர்கள் கன்னத்தில் ரோஜா நிறம் ஏற்றியிருப்பார்களே, அதே வேலைதான். எது எடுத்த நிறம், எது பூசிய நிறம் என்று சீக்கிரம் பிரித்துவிட முடியாது. ஏழையும் வாங்க வேண்டியதில்லை. கடலைத் தாண்டும் ஐந்தாவது புத்தகம் ஒன்று போதும்.

வடிவமைப்புக்கு நீங்கள் ஒரு காசும் செலவழிக்க வேண்டாம். 1970களின் நடுவில் ரிச்சர்ட் டேன், புரூஸ் பிளாக்பர்ன் இருவரும் நாசாவுக்காக ஒரு வடிவமைப்புக் கையேடு தயாரித்தார்கள். 2015இல் இரண்டு இளம் டிசைனர்கள் பொதுமக்களிடம் பணம் திரட்டி அதைப் புத்தகமாக மறுபதிப்பு செய்தார்கள். அழகான பதிப்பு. ஆனால் அதே கையேட்டை நாசா தன் தளத்தில் பிடிஎஃப் ஆக இலவசமாகவே வைத்திருக்கிறது. நாசா என்ற ஆங்கில எழுத்துகள் நான்கும் ஒரே தடிமனில் வளைந்து போகும் சிவப்புக் கோடு. இரண்டு ஏக்களுக்கும் குறுக்குக் கோடு கிடையாது. அந்த ஒரு சின்னத்தை லெட்டர்ஹெட்டில் எங்கே வைப்பது, வேனின் கதவில் எந்த அளவு, விண்கலத்தின் உடலில் எங்கே, எந்தப் பின்னணியில் வைக்கக் கூடாது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. வரிசை இங்கே பெரிதில்லை, விதிதான் முக்கியம்; அதனால் திரையில் படித்தாலும் நட்டம் இல்லை. 1992இல் கைவிட்ட அந்தச் சின்னத்தை 2020இல் நாசாவே திரும்பக் கொண்டுவந்தது. ஒரு வாடிக்கையாளர் லோகோவை இன்னும் கொஞ்சம் பெரிசா போடுங்க என்று கேட்கும் நாளில் எடுத்துப் படியுங்கள்.

அப்புறம் மகளுக்கு. சென்னை தாரா பதிப்பகத்தின் 'தி லண்டன் ஜங்கிள் புக்'. 2004இல் முதலில் வந்தது, பின்னால் புதிய பதிப்பும் வந்தது. பஜ்ஜூ ஷியாம் மத்தியப் பிரதேசத்து கோண்ட் பழங்குடி ஓவியர். ஒரு உணவகத்தின் சுவர்களில் வரைய லண்டனுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பார்த்ததைத் தன் ஊரின் விலங்குகளாக வரைந்தார். விமானம் பறக்கும் யானை. சுரங்க ரயில் மண்புழு. பிக் பென் கடிகாரம் சேவல். இரண்டுமே நேரம் சொல்கிறவைதானே. எத்தனையோ வெள்ளைக்காரர்கள் நம் நாட்டைப் பார்த்து வரைந்த அதே ஆச்சரியத்தோடு, இந்த முறை ஒரு கோண்ட் கலைஞர் அவர்கள் ஊரைப் பார்க்கிறார். பார்த்ததை அப்படியே வரையத்தான் வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தால், இந்தப் புத்தகம் அதைச் சரிசெய்துவிடும்.

சென்னைக்கு வந்தால் திருவான்மியூரில் இருக்கும் தாராவின் கட்டடத்துக்கு அவளை அழைத்துப் போங்கள். 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கையால் செய்த கறுப்புத் தாளில், ஒவ்வொரு நிறமாக ஸ்க்ரீன் பிரிண்ட் செய்து, கையால் தைத்தது. 2006இல் தொடங்கி இன்றும் அச்சில் இருக்கிறது. விரலால் தடவினால் மையின் மேடு தட்டுப்படும். நாலு கலர் ஆஃப்செட்டில் கறுப்புப் பின்னணி போட்டுப் போட்டுச் சலித்த உங்களுக்கு, கறுப்பை அச்சிடாமல் தாளையே கறுப்பாக வைத்து மேலே நிறம் ஏற்றுவதைப் பார்க்க நிச்சயம் ஆர்வமாக இருக்கும். ஃபிராங்குக்குப் பிறகு கையில் பணம் சேர்ந்தால் இரண்டாவதாக இதை வாங்குங்கள், மற்றவை மெதுவாக வரட்டும்.