செஸ்னா 152-ஐ சிமுலேட்டரில் விற்க யாரிடம் அனுமதி வாங்குவது?

கேள்வி: கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டான மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்காகச் செஸ்னா 152 மாடல் ஒன்றைச் செய்துவருகிறேன். முடிந்ததும் விலைக்கு விற்க எண்ணம். 1985-லேயே உற்பத்தி நின்றுபோன விமானத்துக்கும் லைசென்ஸ் தேவையா?

பதில்: உற்பத்தி நின்றதோடு பெயரின் உரிமை போய்விடாது. வடிவத்தைப் பற்றித்தான் நீங்கள் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. இந்தியாவில் பதிவு செய்த டிசைனுக்குப் பாதுகாப்பு 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5. அமெரிக்காவில் டிசைன் பேட்டன்ட் 15 ஆண்டு. 2015 மே மாதத்துக்கு முந்தைய விண்ணப்பங்களுக்கு 14. 152 சந்தைக்கு வந்தது 1977-ல். எப்படிக் கணக்குப் போட்டாலும் அந்தக் காலம் தாண்டிவிட்டது. டிரேட்மார்க் அப்படியல்ல, பயன்பாட்டில் வைத்துப் புதுப்பிக்கும் வரை அது உயிரோடிருக்கும். செஸ்னா என்ற பெயர் 1992 முதல் டெக்ஸ்ட்ரான் குழுமத்திடம் இருக்கிறது. 152-இன் எஞ்சினைச் செய்த லைக்கமிங்கும் அதே குழுமம்தான். பேனலில் நீங்கள் வரையும் ரேடியோக்களின் பெயர்களோ வேறு நிறுவனங்களுடையவை. அவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும், அல்லது பெயரில்லாமல் வரைய வேண்டும்.

"விளையாட்டில் காட்டுவது கருத்துச் சுதந்திரம்தானே?" என்று பலர் கேட்கிறார்கள். 2012-ல், விளையாட்டில் காட்டிய பெல் ஹெலிகாப்டர்கள் தொடர்பாக, கேம் நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸும் பெல்லின் உரிமையாளரான டெக்ஸ்ட்ரானும் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் மோதின. அந்த வாதத்தை ஏற்று வழக்கைத் தொடக்கத்திலேயே முடித்துவைக்க நீதிபதி மறுத்தார். பிறகு சமரசம் ஆனது. 2020-ல் ஹம்வீ ராணுவ வண்டி பற்றிய நியூயார்க் வழக்கில் இன்னொரு கேம் நிறுவனமான ஆக்டிவிஷன் ஜெயித்தது. ஆனால் அங்கே வண்டி கதையில் வந்துபோகும் பொருள். உங்களுடைய சரக்கே அந்த விமானம்தான், பெயரைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அதனால் அந்த வாதம் உங்களுக்கு அவ்வளவு கைகொடுக்காது. கைகொடுத்தாலும், வக்கீல் கடிதம் ஒன்று வந்தால் கடை உங்கள் பொருளை இறக்கிவிடும். தனியாள் ஒருவர் அமெரிக்காவில் வழக்கு நடத்துவது லேசான காரியமல்ல.

எனவே மாடல் பாதியில் இருக்கும்போதே டெக்ஸ்ட்ரானின் லைசென்ஸிங் பிரிவுக்கு எழுதுங்கள். எந்த ரகம், எந்த சிமுலேட்டர், எந்தக் கடை, விலை, எதிர்பார்க்கும் விற்பனை, ஐந்தாறு ஸ்கிரீன்ஷாட்: முதல் கடிதத்துக்கு இவை போதும். ஒப்பந்தத்தில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, ராயல்டி (பெயரைப் பயன்படுத்த விற்பனையிலிருந்து தரும் பங்கு) எதன்மேல் என்பதை. உதாரணத்துக்கு விலை 1,000 ரூபாய், கடையின் பங்கு 30%, ராயல்டி 8% என்று வையுங்கள். மொத்த விலைமேல் என்றால் 80 ரூபாய். உங்கள் கைக்கு வரும் 700-இன்மேல் என்றால் 56. குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை கேட்டால் விற்றாலும் விற்காவிட்டாலும் கட்ட வேண்டும். இதில் சிறிய டெவலப்பர்கள் மூழ்கிப்போவது அதிகம். முடிந்தவரை தவிர்க்கப் பாருங்கள். வெளிநாட்டுக்கு ராயல்டி அனுப்பும்போது வரி பிடிக்க வேண்டும். இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தில் உச்சவரம்பு பொதுவாக 15%. "வரி போக முழுத்தொகை" என்ற வாசகம் உங்கள் லைசென்ஸ் ஒப்பந்தத்தில் இருந்தால் அந்தச் சுமையும் உங்கள் தலையில். லைசென்ஸ் முடிந்தபின் ஏற்கெனவே வாங்கியவர்கள் மறுபடி டவுன்லோடு செய்யலாமா, அடுத்த சிமுலேட்டர் பதிப்புக்கும் அனுமதி உண்டா என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். காக்பிட், டிரெய்லர் எல்லாவற்றையும் அவர்கள் பார்த்து ஒப்புதல் தருவார்கள். தரத்தைக் கவனிக்காமல் பெயரை வாடகைக்கு விட்டால் டிரேட்மார்க்கே பலவீனமாகும், அதனால்தான் இந்தக் கெடுபிடி. பதில் தர எத்தனை நாள் என்பதைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

விமானக் கையேடு வேறு விஷயம். 110 குதிரைத்திறன், அதிகபட்ச எடை 757 கிலோ போன்றவை வெறும் தகவல்கள்; தாராளமாகப் பயன்படுத்தலாம். கையேட்டின் பக்கங்களை ஸ்கேன் செய்து இணைப்பது பதிப்புரிமை மீறல். செக்லிஸ்ட்டை உங்கள் சொற்களில் எழுதுங்கள். பின்னாளில் போர் விமானம் செய்ய நினைத்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்: எஃப்-16 கையேடுகளை அமெரிக்காவிலிருந்து வெளியே எடுக்க முயன்றதற்காக, ஒரு சிமுலேட்டர் நிறுவனத்தில் வேலைபார்த்தவர் 2019-ல் யூட்டா நீதிமன்றத்தில் நின்றார். ஆயுத ஏற்றுமதிச் சட்டம் விளையாட்டுக்கென்று விலக்கு எதையும் வைக்கவில்லை.

அனுமதி கிடைக்காமலும் போகலாம். அதற்கு இன்றே வழி செய்துவையுங்கள். மாடலின் ஃபோல்டருக்குப் பொதுவான பெயர் வையுங்கள். மற்றவர்கள் செய்யும் லிவரிகள் (விமானத்தின் மேற்பூச்சு வடிவங்கள்) அந்த ஃபோல்டர் பெயரைத்தான் தேடும், பின்னால் மாற்றினால் அத்தனையும் உடையும். செஸ்னா என்ற பெயர் ஏர்கிராஃப்ட் டாட் சிஎஃப்ஜி, மேனிஃபெஸ்ட் டாட் ஜேசன் என்ற இரண்டு விவரக் கோப்புகளில் மட்டும் இருக்கட்டும். லோகோக்களைத் தனி டெக்ஸ்சரில் (மேலே ஒட்டும் படத்தில்) வையுங்கள், மெஷ்ஷில் (முப்பரிமாண வடிவத்தில்) செதுக்காதீர்கள். இப்படிச் செய்திருந்தால், மறுப்புக் கடிதம் வந்த அன்றே "இரண்டு இருக்கை, உயர்இறக்கைப் பயிற்சி விமானம்" என்று பெயர் மாற்றி வெளியிடலாம்.