தூதர்களிடையே வேறுபாடு: உங்கள் மகனுக்குச் சொல்லக்கூடிய விடை

அன்புச் சகோதரிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இறைத்தூதர்களிடையே வேறுபாடு காட்டமாட்டோம் என்னும் குர்ஆனின் 2:285ஆம் வசனமும், சிலரைச் சிலரைவிட மேன்மையாக்கினோம் என்னும் 2:253ஆம் வசனமும் முரண்படுகின்றனவே என்று மகன் கேட்க, விடையின்றித் தவித்ததாக எழுதியிருந்தீர்கள். முந்தையது ஈமானை, அதாவது இறைநம்பிக்கையைப் பற்றியது. சிலரை ஏற்றுச் சிலரை மறுப்பதையே அது விலக்குகிறது என்பது 4:150ஆம் வசனத்தில் தெளிவாகிறது. பிந்தையதோ இறைவன் அளித்த படித்தரம். அதை நாம் போட்டியாக்கலாகாது. மதீனாவில் சரக்கு விற்றுக்கொண்டிருந்த யூதர் ஒருவர், மனிதர் அனைவரிலும் நபி மூஸாவைத் தேர்ந்தெடுத்த இறைவன் மீது ஆணையிட, அன்சாரிகள் எனப்படும் மதீனா முஸ்லிம்களைச் சேர்ந்த நபித்தோழர் ஒருவர் அவர் முகத்தில் அறைந்துவிட்டார். அந்த யூதரின் முறையீட்டைக் கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், முகத்தில் சினம் தெரிய, நபிமார்களிடையே உயர்வு தாழ்வு கற்பிக்காதீர்கள் என்றார்கள். மகனிடம் இந்நிகழ்ச்சியை முதலில் சொல்லுங்கள். வசன எண்களைப் பிறகு காட்டலாம்.