முடிச்சை எண்ணினால் வேகம்

கேள்வி: புயல் செய்தியில் காற்றின் வேகத்தை ‘நாட்’ என்கிறார்களே, முடிச்சுக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்? ஏற்காடு ஏரியில் துடுப்புப் படகில் போகும்போது நாமே அளந்து பார்க்க முடியுமா?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: முடிச்சேதான். பாய்மரக் கப்பலில் கயிற்று முடிச்சுகளை எண்ணித்தான் வேகம் பார்த்தார்கள். கயிற்றின் நுனியில் கால் வட்டமாக அறுத்த பலகை, அதன் வளைந்த விளிம்பில் ஈயம். கனத்தால் அது நீரில் நிமிர்ந்து நின்று, போட்ட இடத்திலேயே தங்கிவிடும். கப்பல் போகப் போக உருளையிலிருந்து கயிறு ஓடும். கப்பலின் பின்னால் நீர் சுழலுமே, அதைத் தாண்டும்வரை ஓடும் கயிறு கணக்கில் இல்லை. அது முடியும் இடத்தில் ஒரு துணித்துண்டு கட்டியிருக்கும்; துணி கையைக் கடந்ததும் 28 விநாடி மணற்கடிகாரத்தைக் கவிழ்ப்பார்கள். பிறகு 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. மணல் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு போனதோ அத்தனை நாட். வெடுக்கென்று இழுத்தால் பலகையிலுள்ள முளை கழன்று, பலகை படுத்துக்கொள்ளும். சுலபமாக உள்ளே இழுத்துவிடலாம்.

28 விநாடிக்கு 47¼ அடி என்றால் மணிக்கு 6,075 அடி, அதாவது ஏறக்குறைய ஒரு கடல் மைல். இன்றைய கடல் மைல் 1,852 மீட்டர். ஆகவே ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ. ‘மணிக்கு’ என்பது ‘நாட்’ என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘மணிக்கு 40 நாட்’ என்று எழுதுவது பிழை, தயவுசெய்து எழுதாதீர்கள். காற்று 34 நாட்டை, அதாவது சுமார் 63 கி.மீ. வேகத்தைத் தொட்டால்தான் நம் வானிலைத் துறை அதைப் புயல் என்கிறது.

ஈரக்காற்றில் மணல் மெதுவாக இறங்கினால் முடிச்சு கூடுதலாகப் போய், வேகம் அதிகமாகத் தெரியும். கயிறு நீண்டுபோனால் நேர்மாறு, அதுதான் ஆபத்து. கரை இன்னும் தூரத்தில் இருப்பதாக நினைத்துப் பாறையில் ஏறிவிடுவார்கள். அதனால் கயிற்றை நனைத்து இழுத்துப் பிடித்துத்தான் அளப்பார்கள்.

ஏற்காட்டுக்கு இதில் சரிபாதி போதும். 7.2 மீட்டருக்கு ஒரு முடிச்சு, கைப்பேசியில் 14 விநாடி, கணக்கு மாறாது. துடுப்புப் படகு மெதுவாகப் போகும், ஆகவே நடுவில் 3.6 மீட்டரில் நூல் சுற்றி அரை நாட் குறித்துக்கொள்ளுங்கள். நைலான் கயிறு வேண்டாம், நீளும். கயிற்றைத் தாராளமாக விடுங்கள். இறுக்கினால் பலகையும் கூடவே வந்து வேகம் குறைவாகக் காட்டும். படகுத்துறையில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். மோட்டார் படகு வரும் பக்கம் கயிறு விடக் கூடாது, விசிறியில் சுற்றிக்கொள்ளும்.